டீ குடித்த பிறகுதான் ஆசீர்

ஃபாதர்,

என் மேசை மேல் ஒரு பேப்பர் கப் இருக்கிறது. நம் கோயில் பங்கின் புதிய அரங்கத் திறப்பு விழாவில் கொடுத்தது. அன்றைக்கு அதில் இருந்த டீ நல்ல டீதான், இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். ஆனால் முதல் வாயிலேயே நனைந்த அட்டையின் வாசனை வந்தது. என்னால் குடிக்க முடியவில்லை. கொட்டிவிட்டுக் கப்பை வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஏன் எடுத்து வந்தேன் என்று வீட்டில் கேட்டார்கள். உங்களுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. அதை எப்படிச் சொல்ல?

அரங்கத்தின் வாசலில் கறுப்புக் கல்லில் பொன் எழுத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. ஆமாம், உங்கள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வளர்ச்சி, வரவேற்பு, புத்துயிர் என்று மூன்று சொற்களைக் கல்லின் அடியில் வெட்டியிருக்கிறார்கள். பங்குப் பேரவைச் செயலர் அமலதாஸ் மைக்கைப் பிடித்து, இந்த மூன்றுக்கும் வித்திட்டவர் நீங்கள் என்றார். குரல் தழுதழுத்தது. நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள். உங்களைப் போல எனக்குச் சிரிக்க வராது. பல ஆண்டுகள் செய்தியாளனாக இருந்து மேடைப் பேச்சுகளை முகம் மாறாமல் குறிப்பெடுத்துப் பழகியவன் நான். அன்றைக்கு முகம் மாறியது எனக்கே தெரிந்தது.

அந்தக் கல்லில் இல்லாததை எழுதுகிறேன்.

நீங்கள் நம் பங்குக்கு வந்தபோது ஆட்கள் குறைந்துகொண்டிருந்தார்கள். ஞாயிறு பூசையில் கடைசி பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கோயிலுக்குப் பின்னால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருக்காரர்கள் உட்காரும் பெஞ்சுகள் அவை. கடைசியில் உட்காருங்கள் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. சொல்லாமலே உட்கார்ந்தார்கள். அந்தத் தெருவின் மூலையில் ஷீட் கூரை போட்ட, வேறு சபைக்காரர்களின் ஜெபவீடு ஒன்று புதிதாக வந்திருந்தது. ஒவ்வொரு குடும்பமாக அங்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

பேரவையில் இதைப் பற்றி நீண்ட நேரம் பேசினார்கள். பெரிய ஸ்பீக்கர் வாங்கலாம், பாடற்குழுவுக்குக் கீபோர்டு வாங்கலாம், வெளியூர்ப் போதகரை அழைத்துக் குணமளிக்கும் கூட்டம் நடத்தலாம் என்று அமலதாஸ் திட்டம் வைத்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் திட்டமாக வைப்பார். நீங்கள் "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னீர்கள். மறுநாள் மாலை செருப்பை மாட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போனீர்கள்.

அங்கே உங்களிடம் பேசியவர் லூர்து. கதிர்காமம் மருத்துவமனையில் துப்புரவு வேலை. அவர் மனைவி செலின், தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று நீங்கள் கேட்டதற்கு லூர்து சொன்ன பதிலை அன்று இரவே என் வீட்டுக்கு வந்து, அவர் குரலிலேயே எனக்குச் சொன்னீர்கள்.

"அங்க பாஸ்டரு எங்க வூட்ல உக்காந்து சாப்புடுறாரு ஃபாதர். உங்காளுங்க வாசல்லயே மந்திரிச்சிட்டுப் போயிடுவாங்க."

பிறகு நீங்கள் என்னிடம் சொன்னது இது: "ஸ்பீக்கர் வேணாம் சார். அவங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

நான் பங்கைச் சேர்ந்தவன் என்றாலும் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிறவன். வயதில் உங்களுக்கு மூத்தவன். ஆனாலும் அன்றிலிருந்து உங்கள் பின்னால் வர ஆரம்பித்தேன். பக்தி என்று நினைத்திருக்க மாட்டீர்கள். செய்தி இருக்கும் இடம் எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

நீங்கள் முதலில் கை வைத்தது அன்பியங்களில். பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒரு குழுவாகி, முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபம் சொல்வார்கள். முடிந்ததும் அந்த வீட்டில் டீ. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்கு ஒரு அன்பியம், இந்தப் பக்கத்துக்கு ஒரு அன்பியம் என்றிருந்ததை நீங்கள் கலைத்து, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிரித்தீர்கள். அமலதாஸ் காரணம் கேட்டார். நடந்து போக வசதியாக இருக்கும் என்றீர்கள். யாராலும் மறுக்க முடியவில்லை. வாய்க்காலைத் தாண்ட ஒரு சின்னப் பலகைப் பாலம்தானே.

புதிய குழுவின் முதல் ஜெபம் செலின் வீட்டில். எல்லோரும் வந்தார்கள், அதை மறுக்க மாட்டேன். அமலதாஸ் வந்தார். மதாம் வந்தார். ஃப்ரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரின் மனைவி, வாழ்நாளெல்லாம் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. செலினின் ஒற்றை அறையில் பாய் விரித்து, மதாமுக்கு மட்டும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஜெபம் நன்றாக நடந்தது. நீங்கள் எழுந்து கடைசி ஆசீர் கொடுத்தீர்கள். செலின் டீத் தட்டோடு உள்ளிருந்து வருவதற்குள் பாதிப் பேர் வாசலில் செருப்பு தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு அவசர வேலை. ஒருவர் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தாராம். மதாம், "எனக்குச் சக்கர வியாதிம்மா, டீ ஆவாது. மெர்சி" என்று ஃப்ரெஞ்சில் நன்றி சொல்லிக் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

தட்டு நிறைய டம்ளர்களோடு செலின் நின்றார். எல்லாம் புது எவர்சில்வர் டம்ளர்கள். ஒவ்வொன்றிலும் கடை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. மறந்துபோய் விட்டதாகத்தான் முதலில் நினைத்தேன். லூர்துவின் முகத்தைப் பார்த்த பிறகு புரிந்தது. கிழிக்காமல் வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். இந்த வீட்டில் யாரும் இதில் வாய் வைத்ததில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அந்த ஸ்டிக்கர் சொல்ல வேண்டும். அதற்காக விட்டிருக்கிறார்கள்.

ஃபாதர், எத்தனையோ கொடுமைகளை நேரில் பார்த்து எழுதியிருக்கிறேன். அந்த ஸ்டிக்கர்களைப் போல ஒன்று என்னை உலுக்கியதில்லை.

வாசல் வரை போன நீங்கள் திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தீர்கள். ஒரு டம்ளரை எடுத்து, நகத்தால் ஸ்டிக்கரை மெல்ல உரித்துவிட்டுக் குடித்தீர்கள். இன்னொன்றையும் எடுத்தீர்கள். நான் ஒன்றை எடுத்தேன். மீதி டீ ஆறிப்போனது. வெளியே வந்ததும் இதை எழுதப் போகிறேன் என்றேன். பங்கின் பெயரைப் போட்டு, அவரவர் சொன்ன சாக்குகளையும் போட்டு எழுதப் போகிறேன் என்றேன். உங்கள் விரலில் அந்த ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தது. என் சட்டைப் பையிலிருந்த பிரஸ் கார்டை நீங்களே எடுத்து, அதன் பின்பக்கம் ஒட்டினீர்கள்.

"செய்தி இதான் சார். ஆனா இப்ப வேணாம். பேப்பர்ல வந்துட்டா அவங்க ரோஷத்துக்காகவே காலத்துக்கும் குடிக்க மாட்டாங்க."

உங்களுக்காக எழுதாமல் இருந்தேன். அதுவும் சேர்ந்துதான் இன்றைக்கு என் கோபம்.

அடுத்த முறை அமலதாஸ் வீட்டில். அங்கே நீங்கள் ஒரு சின்ன மாற்றம் செய்தீர்கள். ஜெபம் முடிந்ததும் ஆசீர் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். "டீ வரட்டும். குடிச்சிட்டு ஆசீர் வாங்கிட்டுப் போலாம்" என்றீர்கள். டீ வந்தது. இந்தப் பக்கத்தாருக்குப் பீங்கான் கோப்பையில் வந்தது. செலினுக்கும் லூர்துவுக்கும் பேப்பர் கப்பில் வந்தது. அமலதாஸின் மனைவி எந்தச் சங்கடமும் இல்லாமல் கொடுத்தார், அவர்களும் எந்தச் சங்கடமும் இல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். நீங்கள் உங்கள் கோப்பையைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, "எனக்கும் பேப்பர் கப் குடுங்கம்மா" என்றீர்கள். அவர் உள்ளே போய் இன்னொரு பேப்பர் கப் கொண்டு வந்தார். எல்லோரும் குடித்து முடித்த பிறகு எழுந்து ஆசீர் கொடுத்தீர்கள்.

அதற்குப் பின் எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். டீ குடித்த பிறகுதான் ஆசீர். இதற்காக நீங்கள் ஒரு பிரசங்கம்கூட வைக்கவில்லை. முறை சுற்றித் திரும்ப செலின் வீட்டுக்கு வருவதற்குள், அது என்றைக்கும் அப்படியே இருந்துவந்ததைப் போல ஆகிவிட்டது. பாதியில் எழுந்து போனால் ஆசீர் வாங்காமல் போனதாகிவிடும். அதற்கு யாருக்கும் தைரியம் இல்லை. நீங்கள் எவ்வளவு தந்திரக்காரர் என்பது எனக்குப் புரிய அத்தனை நாள் ஆனது.

அந்த இரண்டாவது முறை நினைவிருக்கிறதா? செலின் தட்டோடு வந்தார். மதாம் கையை உயர்த்தி, "எனக்குச் சக்கரம்மா" என்று ஆரம்பித்தார். செலின் தனியாக வைத்திருந்த ஒரு டம்ளரை எடுத்து நீட்டினார்.

"இது சக்கர போடாதது மதாம். ஃபாதர் நேத்தே சொல்லிட்டாரு."

மதாம் உங்களைப் பார்த்தார். நீங்கள் சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படத்தைப் பார்த்தீர்கள்.

"ஏன் ஃபாதர், பூச வைக்கிற நேரம் போவ மிச்ச நேரத்துல இதான் உங்களுக்கு வேலையா?"

"ஆமா மதாம். பூச வைக்கிறதே இதுக்குத்தான்."

மதாம் குடித்தார். ஒவ்வொரு மிடறாக, யாருக்கோ கடன் அடைப்பது போலக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது செலினிடம், "இஞ்சி ஜாஸ்தி" என்றார். அந்தத் தெரு முழுக்கச் செலின் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா? மதாம் என் டீயைக் குறை சொன்னாங்க என்று. குறை சொல்கிற அளவுக்குக் குடித்தார்களே என்பதுதான் அதன் பொருள்.

அமலதாஸும் குடித்தார். கஷாயம் குடிக்கிற முகத்தோடு குடித்தார்.

பிறகு என்ன நடந்தது? கடைசி பெஞ்சுகள் நிறைந்தன. அந்தத் தெருப் பிள்ளைகள் பாடற்குழுவில் சேர்ந்தார்கள். ஜெபவீட்டுக்குப் போன குடும்பங்களில் பல திரும்பி வந்தன. திரும்பாதவர்களிடமும் நீங்கள் போய் டீ குடித்தீர்கள், அந்தப் பாஸ்டரோடு சேர்ந்தே குடித்தீர்கள். ஒருநாள் லூர்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். தெரியாமல் உட்காரவில்லை, தெரிந்துதான் உட்கார்ந்தார். அந்த மாதமே, ஜெபத்தை நீங்கள் டீக்கடை ஆக்கிவிட்டதாக இந்தப் பக்கத்தார் சிலர் மேலிடத்துக்குப் போய்ச் சொன்னார்கள். நிர்வாக வசதி என்று சொல்லி உங்களை விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு கிராமப் பங்குக்கு மாற்றினார்கள்.

நீங்கள் சரி என்றுவிட்டீர்கள். நான் விடவில்லை. அறையில் நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது உங்களைத் திட்டினேன். சண்டை போடுங்கள், மக்கள் உங்கள் பக்கம் நிற்பார்கள், நான் எழுதுகிறேன் என்றேன். சட்டையை மடித்துக்கொண்டே சொன்னீர்கள்: "சண்ட போட்டு நான் இங்கயே இருந்துட்டா, எனக்காகத்தான் குடிச்சாங்கன்னு ஆயிடும் சார். நான் போனதுக்கப்புறமும் குடிக்கிறாங்களான்னு பாக்கணும்."

எப்படிப் பார்த்தீர்கள், ஃபாதர்? அந்தக் கிராமத்தில் மார்வலி வந்து, வண்டி வருவதற்குள் போய்விட்டீர்கள். பார்க்க நீங்கள் இல்லை. பார்த்தவன் நான். உங்களுக்கு இருந்த நம்பிக்கையின் பலனை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்காக உங்களை இன்னும் மன்னிக்கவில்லை.

உங்களுக்குப் பிறகு வந்தவர் இளைஞர். சுறுசுறுப்பானவர், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுகிறவர், பங்கு வளர வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர். அவரிடம் அமலதாஸ் ஒரு திட்டம் வைத்தார். வீடு வீடாக அன்பியம் கூடுவது சிலருக்குச் சிரமம், எல்லோருக்கும் பொதுவாக ஏசி அரங்கம் கட்டி அங்கே கூடலாம், உங்கள் பெயரையே வைக்கலாம். கட்டிவிட்டார்கள். வீட்டு முறை நின்றுவிட்டது. அடுத்து வரவேண்டிய முறை செலின் வீட்டினுடையது.

இடையில் லூர்து இறந்துபோனார். நீங்கள் அந்தக் கிராமத்துக்குப் புறப்பட்டுப் போன மழைக்காலத்துக்கு அடுத்த மழைக்காலத்தில் போனார். வருட நினைவு ஜெபத்தை வீட்டில் வைக்க வேண்டும், அன்பியம் மொத்தமும் வர வேண்டும் என்பது செலினின் ஆசை. அது ஒன்றுதான் கேட்டார். தனியாகப் போய்க் கேட்கத் தயங்கி என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"ஹால்லயே வெச்சிக்கலாமே அக்கா. ஏசி இருக்கு, எல்லாருக்கும் சேர் இருக்கு" என்றார் புதிய பங்குத்தந்தை.

"அவரு ஹால்ல வாழலயே ஃபாதர்" என்றார் செலின்.

பங்குத்தந்தை சங்கடப்பட்டார். என் பக்கம் திரும்பிப் பொறுமையாக விளக்கினார். வீட்டுக்கு வீடு போனால் ஒப்பீடு வருகிறது. ஒரு வீட்டில் முறுக்கும் கேக்கும் வைக்கிறார்கள், இன்னொரு வீட்டில் டீக்கே கஷ்டம். அரங்கத்தில் பெரிய வீடு, சின்ன வீடு இல்லை. எல்லோரும் சமம். ஒருவருக்காக வீட்டுக்குப் போனால் பிறகு எல்லோரும் கேட்பார்கள்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பொய் என்றால் மடக்கிவிடுவேன், அது என் தொழில். இவர் நல்ல எண்ணத்தோடு பேசினார். பழைய கதை எதுவும் தெரியாமல் பேசினார். தெரிந்தவர் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அதான் சார், இங்க எல்லாருக்கும் ஒரே கப்பு" என்றார் அமலதாஸ்.

அவர் முகத்தைப் பார்த்தேன். நினைவில்லாமல் சொன்னாரா, நினைவோடு சொன்னாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. செலினுக்குப் பேப்பர் கப் நீட்டிய வீடு, இன்று எல்லோருக்கும் பேப்பர் கப் நீட்டி அதற்குச் சமம் என்று பெயர் வைத்துவிட்டது. இனி யாரும் யார் டம்ளரிலும் வாய் வைக்க வேண்டாம். யாரும் யார் வீட்டு வாசலிலும் குனிந்து நுழைய வேண்டாம். அரங்கத்தில் எல்லோரும் வருகிறவர்கள், வீட்டுக்காரர் என்று ஒருவரும் இல்லை. ஒருமுறை என்னிடம் நீங்கள் கேட்டீர்கள், "வரவங்கள உக்கார வைக்கிறது பெரிய விஷயமா சார்? போயி உக்காரணும், அதான் கஷ்டம்" என்று. அதை அந்த அறையில் உரக்கச் சொன்னேன். நான் நினைத்ததை விட உரக்கவே சொல்லிவிட்டேன். பங்குத்தந்தை யோசிக்கிறேன் என்றார். பிறகு, நினைவு நாள் மாலை தனக்கு வேறு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

செலின் ஜெபத்தை வீட்டிலேயே வைத்தார். போன வெள்ளிக்கிழமை.

அந்தப் பக்கத்தார் வந்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அமலதாஸ் வரவில்லை. ஜெபமாலை தொடங்கும் நேரத்தில் வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கம் ஆட்டோ நின்றது. மதாம் இறங்கினார். இப்போது நெல்லித்தோப்பில் மகள் வீட்டில் இருக்கிறார், நடை ரொம்பத் தளர்ந்துவிட்டது. பலகைப் பாலத்தில் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தோம். மூச்சு வாங்க உட்கார்ந்தவர் முதலில் சொன்னது, "அந்த ஹாலுக்குப் போனேன். காயிதத்துல டீ குடுக்குறான். நாய்கூட மோந்து பாக்காது."

ஜெபம் முடிந்தது. செலின் உள்ளே போனார். டம்ளர் சத்தம் கேட்டதும் எனக்குப் பயமாக இருந்தது. மறுபடி புதிதாக வாங்கியிருப்பாரோ, மறுபடி ஸ்டிக்கர் இருக்குமோ என்று பயம். தட்டு வந்தது. எல்லாம் வீட்டில் புழங்குகிற டம்ளர்கள். சில நசுங்கியிருந்தன. அன்றைய டம்ளர்களும் அவற்றில் இருந்திருக்க வேண்டும், தேய்ந்து போய் அடையாளம் தெரியவில்லை. மதாமுக்கு நீட்டிய டம்ளரில் பெயர் வெட்டியிருந்தது. மதாம் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"யாரோடது இது?"

"அவரோடது மதாம். அதுலதான் குடிப்பாரு. சக்கர போடல."

மதாம் குடித்தார். முழுவதையும் குடித்தார். "இன்னும் இஞ்சி ஜாஸ்தியாத்தான் போடுற" என்றார்.

எல்லோரும் குடித்து முடித்தோம். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. ஏன் என்று முதலில் எனக்கே புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, டீ முடிந்தால் ஆசீர் வர வேண்டும், அது வராமல் எழுந்து பழக்கமில்லை. ஆசீர் கொடுக்க ஆள் இல்லை. செலின் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மதாம்தான் பேசினார். "என்னா பாத்துக்கினு நிக்கிற? வூட்டுக்காரி நீ. நீயே குடு."

செலின் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். கையைத் தூக்கிப் பாதியில் நிறுத்தினார். பிறகு தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் எங்கள் மேல் சிலுவை வரைந்தார். மதாம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். நானும் வாங்கிக்கொண்டேன்.

இதனால் என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நாளைக்கும் அந்த அரங்கத்தில் பேப்பர் கப் அடுக்கி வைப்பார்கள், கல்லில் உங்கள் பெயர் இருக்கும், மைக்கில் வரவேற்பு என்று சொல்வார்கள். நீங்கள் போன பிறகும் குடிக்கிறார்களா என்று கேட்டீர்களே. பலர் குடிக்கவில்லை. ஒருவர் ஆட்டோ பிடித்து வந்து குடித்தார். என் பதில் இவ்வளவுதான். கூட்டியோ குறைத்தோ எழுத எனக்குத் தெரியாது.

இப்போது வேண்டாம் என்றீர்கள். எப்போது என்று சொல்லாமலே போய்விட்டீர்கள். நாளைக் காலையில் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். பிரஸ் கார்டு காலாவதியாகிப் பல நாள் ஆகிறது, ஆனாலும் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பின்பக்கம் இருக்கும் ஸ்டிக்கரில் எழுத்து அழிந்துவிட்டது, பசையும் காய்ந்து ஓரம் தூக்கிக்கொள்கிறது. கார்டை எடுக்கும்போதெல்லாம் கட்டைவிரலால் அழுத்தித் திரும்ப ஒட்டிவிடுகிறேன்.